மோல்மீன் பராட்டா

ராயவரம்,
விய வருஷம், வைகாசி 12

கட்டுமாவடி ஐயனார் அவர்களுக்கு ராயவரம் அலமேலு எழுதுகிறேன்.

உறையில் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் பிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்திருப்பீர்கள். சண்டை போட எழுதவில்லை. அதற்கு வேண்டிய தெம்பு இப்போது என்னிடம் இல்லை. கருவாடு கொண்டுவரும் அழகிதான் பேச்சுவாக்கில் சொன்னாள், கட்டுமாவடியில் ஒரு கருவாட்டு மண்டியில் ரங்கூனிலிருந்து நடந்தே வந்த கணக்குப்பிள்ளை ஒருவர் இருக்கிறார், கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் பொழுதெல்லாம் வாயைத் திறக்கமாட்டார் என்று. நீங்களாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

நீங்கள் இந்த வீட்டுக்கு வந்துபோய் நாலு வருஷம் ஆகிறது. அன்று முகப்பில் நின்றுகொண்டு, என் வீட்டுக்காரர் வழியில் காய்ச்சலில் விழுந்ததையும், பர்மா எல்லையில் தமு என்ற ஊரில் ஆஸ்பத்திரிக் கொட்டகையில் அவரைப் படுக்கவைத்ததையும், அந்தக் கொட்டகையில் கிடந்தவர்கள் எல்லாரும் காலராவில் போய்விட்டதாகப் பின்னால் வந்தவர்கள் சொன்னதையும் சொன்னீர்கள். நான், "பாத்தீங்களா?" என்று கேட்டேன். இல்லை என்றீர்கள். "பாக்காம எதுக்குச் சொல்ல வந்தீங்க? பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்று கதவைச் சாத்தினேன். குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அதைப் பற்றி நான் இப்போது ஒன்றும் சொல்லப்போவதில்லை.

விஷயம் வேறு. வருகிற ஆவணியில் எங்கள் பங்காளிகள் கூடிப் படைப்பு வைக்கிறார்கள். இறந்துபோனவர்களுக்குப் புது வேட்டியும் சேலையும் வைத்து, அவர்கள் விரும்பித் தின்றதைச் செய்து இலையில் போட்டுக் கும்பிடுவோம். உங்கள் பக்கம் எப்படியோ தெரியாது. இந்தத் தடவை அவருக்கும் ஒரு வேட்டி வைத்துவிட வேண்டும் என்கிறார் மாமனார். வைத்துவிட்டால் அவர் இறந்தவர். அதன் பிறகு என் கழுத்தில் இருப்பதைக் கழற்ற வேண்டும். வீட்டுக்கு ஒரு பிள்ளையைச் சுவீகாரம் எடுக்க வேண்டும். எல்லாம் வரிசையில் காத்திருக்கிறது.

மாட்டேன் என்று நாலு வருஷமாகச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் இந்தத் தடவை மாட்டேன் என்று சொல்லவில்லை. "அவருக்குப் பிடிச்சதை எலையில வைக்கணும்ல, அது என்னன்னு சொல்லுங்க, வச்சிருவோம்" என்றேன். யாருக்கும் தெரியவில்லை. மாமியார் பால்பணியாரம் என்றார். அது என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடம் போன காலத்துச் சங்கதி. பிறகு அவர் இந்த வீட்டில் இருந்ததெல்லாம் லீவில் வந்த மாதங்கள் மட்டும்தான். தன் புருஷனுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாமல் நானும் ஒரு பெண்டாட்டி. எனக்குத் தெரிந்து அவர் வாய் நிறையச் சொன்னது ஒன்றே ஒன்று, நீங்களும் அவரும் உங்களோடு ரங்கூன் கடையில் இருந்த ரத்தினவேலும் பர்மாவில் மோல்மீன் என்ற ஊருக்குப் போயிருந்தபோது தின்ற பராட்டா. அதைத்தான் வைக்க வேண்டும், அது சரியாக வந்தால் வேட்டியும் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். மாமனாரும் ஒப்புக்கொண்டார்.

ரேஷனில் இப்போது பாதிக்குப் பாதி கோதுமை போடுகிறார்கள். அதை என்ன செய்வது என்று தெரியாமல் ஊரே முழிக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு மூட்டை சேர்ந்து கிடக்கிறது. அந்தப் பராட்டாவை எப்படிச் செய்வது என்று எழுதுங்கள். வேறொன்றும் எழுத வேண்டாம்.

அலமேலு


கட்டுமாவடி,
வைகாசி 21

ராயவரம் ஆச்சி அவர்களுக்கு ஐயனார் வணக்கம்.

கடிதம் வந்தது. பிரித்தேன். பதில் தாமதமானதற்கு மண்டியில் வேலை அதிகம் என்று எழுதலாம். அப்படி ஒன்றும் வேலை இல்லை. எழுதத் தொடங்கித் தொடங்கி வைத்துவிட்டேன்.

பராட்டா எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியாது. தின்றது மட்டும்தான். நினைவில் இருப்பதை எழுதுகிறேன், உபயோகப்பட்டால் சரி.

பர்மாக்காரர்களின் தண்ணீர்த் திருவிழாவுக்கு எல்லாக் கடையும் அடைத்துவிடுவார்கள். எங்களுக்கும் லீவு. மூன்று பேரும் மார்ட்டபான் வரை ரயிலில் போய், அங்கிருந்து ஸ்டீமரில் ஆற்றைத் தாண்டி மோல்மீனில் இறங்கினோம். இறங்கின இடத்திலிருந்தே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். அடைக்கப்பண்ணன் அன்றைக்குப் புதுச் சட்டை போட்டிருந்தார். முதலில் கோபப்பட்டார். பிறகு யாரிடமோ வாளியை வாங்கி ரத்தினவேல் தலையில் அவரே கவிழ்த்தார். அடைக்கப்பண்ணன் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. கடையில் பெட்டியடியில் உட்கார்ந்திருக்கும்போது அவர் சிரிக்கமாட்டார்.

நனைந்த துணியோடு துறைப் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் வங்காளத்துச் சாயபு. மாவு உருண்டையை எடுத்து எண்ணெய் தடவிய கல்லில் அடித்து அடித்து வேட்டி அகலத்துக்கு விரிப்பார். விரித்ததை மடித்து, சுருட்டி, மறுபடியும் கையால் அமுக்கித் தோசைக்கல்லில் போடுவார். வெந்ததும் இரண்டு கையாலும் பக்கவாட்டில் தட்டுவார். மேலே சீனி தூவிக் கொடுப்பார். நின்றுகொண்டேதான் தின்றோம். அண்ணன் ஆறும்வரை பொறுக்கமாட்டாமல் விரலைச் சுட்டுக்கொண்டார்.

அதற்குப் பின் ரங்கூனில் எத்தனையோ கடையில் வாங்கிப் பார்த்தோம். "இது அது இல்லைடா" என்பார் அண்ணன்.

ரத்தினவேலாக இருந்தால் இன்னும் விவரமாகச் சொல்வான். அவனுக்குச் சமையலில் கவனம் உண்டு. ரங்கூனில் முதல் குண்டு விழுந்த அன்று அவன் துறைமுகத்துக்குப் போயிருந்தான். ஆகவே கேட்க முடியாது.

வேறொன்றும் எழுத வேண்டாம் என்று ஆச்சி சொல்லியிருப்பதால் நிறுத்துகிறேன்.

ஐயனார்


ராயவரம்,
ஆனி 5

ஐயனார் அவர்களுக்கு,

வேட்டி அகலத்துக்கு விரிப்பார் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. வந்தது என்று தெரிந்தது, அவ்வளவுதான். முகத்துக்கு வந்து சேரவில்லை.

அவர் கடைசியாக லீவில் வந்திருந்தபோது இதைத் துண்டை வைத்துச் செய்து காட்டினார். தோளில் கிடந்த துண்டை உதறி, தரையில் இரண்டு அடி அடித்து விரித்து, கொசுவம் கொசுவமாக மடித்து, நத்தை மாதிரி சுருட்டி என் உள்ளங்கையில் வைத்தார். "இந்தா, தின்னு" என்றார். நான், "எண்ணெய்ச் சிக்கு நாறுது" என்றேன். துண்டின் சுருளை ஒரு தட்டுத் தட்டினார், அது மடிப்பு மடிப்பாக விரிந்தது. அவரோடு நான் இருந்ததில் இது ஒரு முழு சாயங்காலம். அதனால்தான் நினைவு இருக்கிறது.

போகட்டும். கோதுமையை முதல் நாளே ஊறப்போட்டு ஆட்டுக்கல்லில் ஆட்டினேன். அரிசியோ உளுந்தோ, எதையும் ஊறப்போடாமல் ஆட்டி எனக்குப் பழக்கம் இல்லை. குழவியை விட்டுப் பிரியமாட்டேன் என்று பசையாக ஒட்டிக்கொண்டது. அதை எங்கே உருட்டுவது, எங்கே அடிப்பது? கல்லில் ஊற்றினேன். தோசையாக வந்தது. மாமியார் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதைத் திங்கவா ஆத்தா எம்மகன் கப்பல் ஏறிப் போனான்?" என்றார். மாமனார் இரண்டு தின்றுவிட்டு எழுந்துபோனார்.

நீங்கள் கண்ணால் பார்த்ததை எழுதுகிறீர்கள், கையால் செய்வதை எழுதவில்லை. தெரிந்தவர்கள் யாரையாவது கேட்டு எழுதுங்கள். அவசரம் ஒன்றும் இல்லை.

அலமேலு


கட்டுமாவடி,
ஆனி 16

ஆச்சி அவர்களுக்கு வணக்கம்.

மணமேல்குடிப் பக்கம் மரைக்காயர் ஒருவர் இருக்கிறார். பினாங்கில் ரொட்டிக் கடை வைத்திருந்தவர். வயதாகிவிட்டதால் இப்போது கடை இல்லை. மண்டி அடைப்பு நாளில் அவரிடம் போனேன். முதலில், கணக்குப்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்றார். அடைக்கப்பண்ணன் விஷயத்தைச் சொன்னேன். அதன் பிறகு அவர் எதற்கு என்று கேட்கவில்லை. என்னையே மாவு பிசையவைத்தார்.

அவர் சொன்னபடி எழுதுகிறேன். கோதுமையை ஊறப்போடவே கூடாது. இதுதான் முக்கியம். நன்றாக வெயிலில் காயவைத்து, திருகையில் உலர்மாவாகத் திரிக்க வேண்டும். சல்லடை போதாது, தவிடு இறங்கிவிடும். மெல்லிய துணியில் போட்டுச் சலித்து வெள்ளை மாவை மட்டும் எடுக்க வேண்டும். உப்பும் பச்சைத் தண்ணீரும் சேர்த்துப் பிசையலாம். வெந்நீர் ஆகாது. கை ஓயும்வரை பிசைந்து, எண்ணெய் தடவி, ஈரத் துணியால் மூடி அரை நாள் விட வேண்டும். அதன் பிறகுதான் உருண்டை பிடிப்பது, அடிப்பது எல்லாம். மடிப்பது அண்ணன் துண்டில் காட்டினாரே, அப்படியேதான். சுருட்டியதைச் சற்று நேரம் சும்மா விட்டு, உள்ளங்கையால் அமுக்கிக் கல்லில் போட வேண்டும். வெந்ததும் நான் முன்பு எழுதியபடி இரண்டு கையாலும் தட்ட வேண்டும்.

நான் செய்தது கிழிந்தது. கல்லில் போட்டால் தோல் மாதிரி இருந்தது. மரைக்காயர் தின்று பார்த்துவிட்டு உப்பே இல்லை என்றார். எனக்குத் தெரியவில்லை. பர்மாவிலிருந்து நடந்து வந்த நாளிலிருந்து எனக்கு உப்புக் கரிப்பு எதுவும் சரியாகத் தெரிவதில்லை. மண்டிக்கு வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள், எனக்கு நாற்றமும் தெரிவதில்லை. அந்த வேலைக்கு அது சௌகரியமாக இருக்கிறது.

ஐயனார்


ராயவரம்,
ஆனி 28

ஐயனார் அவர்களுக்கு,

எழுதியபடியே செய்தேன். காயவைத்துத் திருகையில் திரித்தேன். சலிக்க மெல்லிய துணி என்றால் எங்கே போவது? துணியும் ரேஷன்தான். பெட்டியில் அவருடைய பழைய மல் வேட்டி இருந்தது. அதில் ஒரு முழம் கிழித்து அண்டாவின் வாயில் கட்டிச் சலித்தேன். மாமியார் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வேறு நாளாக இருந்தால் அந்தப் பெட்டியைத் தொட்டதற்கே வீடு இரண்டுபட்டிருக்கும்.

மறுநாள் சாயங்காலம் மாமியார் கோவிலுக்குப் போயிருந்தபோது அடுப்பைப் பற்றவைத்தேன். முதலில் அடித்தது கிழிந்தது. அடுத்ததும் கிழிந்தது. அதற்கு அடுத்தது கிழியாமல் விரிந்தது. மடித்துச் சுருட்டிக் கல்லில் போட்டு எடுத்து, இரண்டு கையாலும் தட்டினேன். தட்டியதும் ஏடு ஏடாகக் கழன்று கையோடு வந்துவிட்டது. ஒரு ரொட்டி என்றால் ரொட்டியாக நிற்க வேண்டாமா? கெட்டுப்போயிற்று என்று மாட்டுத் தொட்டியில் போட்டுவிட்டேன். வந்து கேட்ட மாமியாரிடமும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். இந்த ரேஷன் கோதுமையே சரியில்லை என்று நினைக்கிறேன். மீதியை மறுபடியும் ஊறப்போட்டிருக்கிறேன்.

இன்னொன்று. நடந்து வரும்போது அவர் என்ன சாப்பிட்டார்? இதை அன்றைக்கு நான் கேட்கவில்லை. வேறொன்றும் எழுத வேண்டாம் என்று முதலில் எழுதியதும் நான்தான். இதை மட்டும் எழுதுங்கள்.

அலமேலு


கட்டுமாவடி,
ஆடி 6

ஆச்சி அவர்களுக்கு வணக்கம்.

கேட்டதற்கு எழுதுகிறேன். புறப்படும்போது கையில் அவலும் வெல்லமும் இருந்தன. அது தீர்ந்த பிறகு முகாமுக்கு முகாம் கொடுத்த கஞ்சி. சில நாள் கஞ்சியும் இல்லை. அண்ணன் தன் பங்கில் எனக்கு ஊற்றுவார், எனக்குப் பசி தாங்காது என்று அவருக்குத் தெரியும். காய்ச்சல் வந்த பிறகு அவர் எதையும் கேட்கவில்லை. தமுவில் கொட்டகைக்குள் படுக்கவைத்தபோது உப்புப் போட்டுக் கொஞ்சம் வெந்நீர் கேட்டார். வாங்கிக் கொடுத்தேன், குடித்தார். நடக்க முடிகிறவர்கள் யாரையும் அங்கே நிற்கவிடவில்லை. "நீ போ. வண்டி கெடச்சா பின்னாலயே வாரேன்" என்றார். அதுதான் அவர் பேசியது.

அன்று ஆச்சி என்னிடம், பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்றீர்கள். யுத்தம் முடிந்ததும் போனேன். கல்கத்தா போய், அங்கிருந்து மணிப்பூர் ரோடு ஸ்டேஷன் வரை போனேன். பாஸ் இல்லாமல் அதற்கு மேல் விடவில்லை. மலையிலிருந்து இறங்கி வரும் லாரிக்காரர்களைக் கேட்டுக்கொண்டு சில நாள் ஸ்டேஷனிலேயே இருந்தேன். அந்தக் கொட்டகை இருந்த இடம் தெரியாமல் காடு மூடிவிட்டது என்றார்கள். கண்ணால் பார்க்காததால் உங்களிடம் வந்து சொல்லவில்லை.

பராட்டா விஷயம். ஆச்சி எழுதியிருந்ததை அடுத்த தடவை போனபோது மரைக்காயரிடம் படித்துக் காட்டினேன். தொட்டியில் போட்டதாக எழுதியிருந்த இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, மறுபடியும் படிக்கச் சொன்னார். "அது கெட்டுப்போகலை தம்பி, வந்துருச்சு. ஏடு கழலத்தானே தட்டுறது" என்றார். நான் எழுதிய இரண்டு கடிதமும் இல்லாமலே ஆச்சி செய்திருப்பார்கள், நல்ல கை என்றும் சொன்னார்.

ஆகவே கோதுமையில் குறை இல்லை. அண்ணன் துண்டைத் தட்டியபோதும் மடிப்பு மடிப்பாக விரிந்தது என்று ஆச்சியே எழுதியிருக்கிறீர்கள். அதன் பிறகும் எதற்காக ஊறப்போட்டீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

ஐயனார்


ராயவரம்,
ஆடி 12

ஐயனார் அவர்களுக்கு,

என் கடிதத்தை ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டுவீர்கள் என்று தெரிந்திருந்தால் எழுதியே இருக்கமாட்டேன்.

என் வீட்டுக் கோதுமை. ஊறப்போடுவேன், உலரப்போடுவேன், காக்கைக்கும் போடுவேன். வந்ததா வரவில்லையா என்று சொல்ல வேண்டியவள் நான். பினாங்கில் கடை வைத்திருந்தவர் மணமேல்குடியில் உட்கார்ந்துகொண்டு சொல்ல வேண்டியதில்லை.

மணிப்பூர் ரோடு வரை போய் வந்தவர் அதை ஒரு கார்டில் எழுதிப் போட்டிருக்கலாம். நீங்கள் போனது தெரியாமல், இந்த மனுஷன் கட்டுமாவடியில் சௌக்கியமாகக் கருவாடு நிறுத்துக்கொண்டிருக்கிறான் என்று உங்களை எத்தனை தடவை மனசுக்குள் வைதிருப்பேன். அந்தப் பாவமும் எனக்குத்தான்.

இனி எழுத வேண்டாம்.

அலமேலு


கட்டுமாவடி,
ஆடி 29

ஆச்சி அவர்களுக்கு வணக்கம்.

எழுத வேண்டாம் என்றதை மீறி இந்த ஒரு கடிதம். படிக்காமல் வைத்துவிட்டாலும் சரி.

போன வாரம் எனக்குப் பராட்டா வந்துவிட்டது. மரைக்காயர் சற்று நேரம் வெளியே போயிருந்தார். நானாகவே அடித்துச் சுருட்டிக் கல்லில் போட்டேன். தட்டினேன், ஏடு கழன்றது. சீனி தூவி நின்றுகொண்டே தின்றேன். உப்பு ஒரு பிடி கூடிப்போயிருந்தது. கூடிப்போனது எனக்குத் தெரிந்தது, ஆச்சி. மரைக்காயர் திரும்பி வந்தபோது நான் கல் புகைவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேனாம். என்ன ஏது என்று கேட்டுவிட்டு, அவரும் ஒன்றைத் தின்று உப்பு ஜாஸ்தி என்றார்.

தின்னும்போது ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. முன்பே எழுதியிருக்க வேண்டும். மோல்மீன் கடையில் பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது அண்ணன் இன்னொரு பராட்டா வாங்கிக் காகிதத்தில் சுற்றிக்கொண்டார். வழிக்கா என்று ரத்தினவேல் கேட்டான். "இல்லைடா, அலமேலுக்கு" என்றார். ஊருக்கு லீவில் போக அப்போது இன்னும் ஐந்தாறு மாதம் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஸ்டீமரில் போகும்போதும் ரயிலில் போகும்போதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவர் எங்களுக்கு அதைத் தின்னக் கொடுக்கவில்லை. ரங்கூனில் பெட்டிக்குள் வைத்திருந்து, பூசணம் பூத்த பிறகுதான் தூக்கிப் போட்டார். அதனால்தான் ஊருக்கு வந்ததும் துண்டில் செய்து காட்டியிருப்பார் என்று நினைக்கிறேன்.

படைப்பு நாள் நெருங்கிவிட்டது என்று அழகி சொன்னாள். நான் அங்கே வந்து பராட்டா செய்து கொடுக்க முடியும். ஆனால் நான் வந்து செய்தால் அதற்கு என்ன அர்த்தம் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு முகப்பில் நின்று சொன்னதையே மறுபடியும் வந்து சொல்வதாகும். ஆச்சி சொன்னால் வருவேன். சொல்லாவிட்டால் வரமாட்டேன், எனக்கும் பராட்டா வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ராயவரத்திலிருந்து யார் கேட்டாலும் அப்படியே சொல்வேன். மரைக்காயரும் யாரிடமும் வாய் திறக்கமாட்டார்.

ஐயனார்


ராயவரம்,
ஆவணி 7

ஐயனார் அவர்களுக்கு,

கடிதத்தை நாலு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். பிறகு பிரித்தேன்.

பராட்டா அன்றைக்கே வந்துவிட்டது. மாட்டுத் தொட்டியில் போடவில்லை. தட்டினேன், அவர் துண்டு விரிந்த மாதிரியே விரிந்தது. அடுப்படியில் வேறு யாரும் இல்லை. ரேஷன் சீனியில் ஒரு கை அள்ளித் தூவி, நின்றுகொண்டே முழுவதையும் தின்றேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சூடாக இருந்தது, இனிப்பாக இருந்தது, அவ்வளவுதான். தின்று முடித்ததும், இது யாருக்கும் தெரியக்கூடாது என்று மட்டும் தோன்றியது. சரியாக வந்துவிட்டது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அவருக்கு வேட்டி எடுக்க ஆள் புறப்பட்டுப் போய்விடும். அதனால் வரவில்லை என்றேன். இன்னொரு தடவை செய்து காட்டச் சொல்வார்களோ என்று மூட்டையில் மிச்சம் இருந்ததையெல்லாம் அண்டாவில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். ஒரு வாரம் வீட்டில் எல்லாருக்கும் கோதுமைக் கூழ். மாமனாரும் குடித்தார். உங்களுக்கு விளங்கவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அது இதுதான்.

நேற்று மறுபடியும் ரேஷன் கோதுமை வந்தது. வந்ததும் நான் அண்டாவை எடுத்து வைத்தேன். மாமியார் பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு நீ நின்னு தின்னதைப் பாத்தேன் ஆத்தா" என்றார். "கோயில்ல நடை சாத்திருந்துச்சு, பாதியில திரும்பி வந்துட்டேன். சன்னல் வழியாப் பாத்தேன். எனக்கும் அவன் செத்தவனா வேணாம். அதான் கேக்காத மாதிரி இருந்தேன். ஆனா நாம ரெண்டு பேரும் எத்தனை நாளைக்குத்தான் கோதுமையைக் கெடுக்குறது?"

அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டு பேருமாகக் கோதுமையை முற்றத்தில் காயப்போட்டோம். காக்கை கொத்தாமல் அவர் கம்போடு காவல் உட்கார்ந்தார். அவரும் அழவில்லை. இந்த வீட்டில் அதெல்லாம் எங்கே போய்விட்டது என்று தெரியவில்லை. ராத்திரி மாமனாரிடம், பராட்டா வந்துவிட்டது என்று மாமியாரே சொன்னார். அவர் சரி என்று சொல்லிவிட்டு, வெகுநேரம் விளக்கை அணைக்காமல் இருந்தார்.

படைப்பு வருகிற வெள்ளிக்கிழமை. முதல் நாளே வந்துவிடுங்கள், மாவு அரை நாள் ஊற வேண்டும் அல்லவா? திரித்துச் சலித்து வைத்திருப்பேன். அவர் இலைக்கு உள்ளதை நானே செய்கிறேன், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். உப்பை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள். ரத்தினவேலுக்கும் ஒன்று தனியாக வைக்கலாம் என்று மாமியார் சொல்கிறார். அவன் எங்கள் பங்காளி இல்லை, ஆனாலும் வைக்கலாம் என்கிறார்.

நீங்கள் கட்டுமாவடியிலிருந்து புறப்படும்போது உங்கள் கையால் ஒன்று செய்து, காகிதத்தில் சுற்றி எடுத்துவாருங்கள். ஆறிப்போயிருந்தாலும் பரவாயில்லை. அது எனக்கு.

பின்பக்கமாக வர வேண்டாம், முகப்பு வழியாகவே வாருங்கள். கதவு திறந்திருக்கும். பார்த்தீர்களா என்று இந்தத் தடவை கேட்கமாட்டேன்.

அலமேலு